ஏட்டைத் திறவுங்கள், எம் கேள்வியை உளவு பாராதீர்!

2025 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆந் திகதி வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானி அறிவித்தலை வன்னிப் பெருநிலத்து மக்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாத காலத்துள் முன்வந்து அதனை நிரூபித்தல் வேண்டும். தவறின் அவை அரச காணிகளாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். முல்லைத்தீவு மாவட்டத்தில் 1,700 ஏக்கருக்கு மேல். கிளிநொச்சியில் 500 ஏக்கருக்கு மேல். உறுதியைப் போரிலே பறிகொடுத்தவனும், உறவினரைக் கடல் கடந்த நாடுகளிற் கொண்டவனும் மூன்று மாதத்தில் எதனை நிரூபிப்பான்? கண்டனமும் வழக்கும் எழுந்த பின்னரே, அதே ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வறிவித்தல் மீளப் பெறப்பட்டது.

அதன் அநீதியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசி விட்டார்கள். நாம் இன்று எடுத்துக்கொள்வது வேறொன்று. அந்தக் கொடிய அறிவித்தலுக்கும் ஒரு நற்குணம் இருந்தது. அது அச்சிட்ட தாள்! ஒட்டுசுட்டானிலிருந்து வந்த கமக்காரன் ஒருவன் அத்தாளைக் கையிலெடுத்துத் தன் வயல் அதில் அகப்பட்டதா என்று வரிவரியாகத் தேடினான் எனக் கொள்வோம். எந்த வரியைத் தேடினான், எந்த வரியிலே நின்று பெருமூச்செறிந்தான் என்பதை அத்தாள் எவரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவனுடைய பெயரைக் கேட்கவில்லை. அடையாள அட்டையைக் கேட்கவில்லை.

நாளை அந்நிலை இராது. காணி ஏடுகளும் பிறப்பு, இறப்பு ஏடுகளும் கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்திய அரசின் நன்கொடையோடு ஒவ்வொரு பிரசைக்கும் தனித்துவ டிஜிட்டல் அடையாளம் வழங்குந் திட்டமும் நடைபெறுகின்றது. கச்சேரி வாசலிற் காத்துக் கிடவாமல் வீட்டிலிருந்தே ஏட்டைப் பார்க்கலாம் என்கின்றார்கள். நல்லது, அதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால், நீர் ஏட்டைப் பார்க்கும்போது ஏடும் உம்மைத் திருப்பிப் பார்க்குமே! யார் கேட்டான், எதைக் கேட்டான், எந்நேரம் கேட்டான் என்பதை அது எழுதி வைக்குமே! அந்த எழுத்து யார் கைக்குப் போகும்? இதுவே எமது கேள்வி.

கேள்வியே ஒரு வாக்குமூலம்

கேட்பதனால் என்ன கெட்டுவிடும் என்று கொழும்பிலிருந்து சிலர் வினவக்கூடும். வன்னியில் வாழ்பவன் அப்படி வினவமாட்டான்.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே பெர்மிட் காணியொன்றை உழுது வரும் விதவைத் தாயொருத்தி, அக்காணி இன்னும் கணவன் பெயரிலேயே இருக்கின்றதா என அறிய விரும்புகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அக்காணியின் இலக்கத்தைக் கணினியில் இடுகின்றாள். அவ்வளவிலேயே ஒரு செய்தி பிறந்துவிட்டது: இந்தக் காணிக்கு உரியவள் தன் உரிமையைப் பற்றி ஐயுறுகின்றாள் என்பதே அச்செய்தி. காணித் தரகனுக்கு இதைவிட இனிய செய்தி வேறுண்டோ? ஏட்டைக் காப்பவன் களவெடுக்க வேண்டியதில்லை; கேள்விகளின் பட்டியலை ஒருமுறை நோக்கினாற் போதும். எந்த ஊரிலே எவனுடைய உரிமை தளர்ந்திருக்கின்றது என்பது தானே விளங்கிவிடும்.

மகனைத் தேடும் தாயின் நிலை இதனினுங் கொடிது. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அதற்கு அடுத்த மாதம் முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். எத்தனை தாய்மார் விடை காணாமலே கண்மூடினார்கள்! 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினாற் காணாமற்போனோர் அலுவலகம் அமைந்தும் அவர்களுடைய கேள்விக்கு விடை கிடைத்திலது. அத்தகைய தாய் ஒருத்தி ஏதேனுமோர் அரசாங்க ஏட்டிலே தன் மகனின் பெயரைத் தேடினால், அவள் கேட்டது கேள்வியன்று. அவள் கொடுத்தது வாக்குமூலம். இப்பெயருடையான் எம் குடும்பத்தவன் என்று அவளே எழுதிக் கொடுத்தவளாகின்றாள். 1979 இலே தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ நேர்ந்த ஒரு சமூகம், இதனை எண்ணி அஞ்சுவது பேதைமையாகுமா?

2009 இலே செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். அன்று அவர்கள் பெயரைப் பதிந்தார்கள், ஊரைப் பதிந்தார்கள், உறவைப் பதிந்தார்கள். எங்களைப் பற்றி எழுதியது போதும்! நாங்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகின்றோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டுமா?

பெயரைச் சொல்லாமற் கேட்டால் என்ன என்பர் சிலர். தொடர்பு நிலையத்துக் கணினியிற் கேட்டாலும், அயலவரின் தொலைபேசியிற் கேட்டாலும், கேள்வியே கேட்டவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கேப்பாப்புலவிலே இன்ன துண்டு நிலத்தைப் பற்றிக் கேட்கக்கூடியவர் உலகில் எத்தனை பேர்? ஒரு குடும்பத்தினர்தாம்! ஆகவே பெயரை மறைப்பது போதாது. கேள்வியையே மறைத்தல் வேண்டும்.

கேள்வியை மறைத்து விடை பெறுவது எங்ஙனம்?

கேள்வி இன்னதென்று தெரியாதவன் விடையை எப்படிக் கொடுப்பான்? இது விடுகதை போலத் தோன்றும். 1995 ஆம் ஆண்டிலே பெனி சோர், ஓடெட் கோல்ட்ரைக், எயால் குஷிலேவிட்ஸ், மது சூதன் என்னும் நான்கு கணித அறிஞர்கள் இவ்விடுகதையை விடுவித்தார்கள். அவர்களுள் மது சூதன் சென்னையிலே பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி. அவர்கள் காட்டிய வழி பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. கமக்கார அன்பர்கள் சற்றே பொறுமையோடு கேட்பார்களாக.

ஒரே காணி ஏட்டின் இரண்டு படிகள் இரண்டு கணக்கப்பிள்ளைகளிடம் இருக்கின்றன என்று கொள்வோம். ஏட்டிலே பத்து வரிகள். எமக்கு வேண்டியது ஏழாம் வரி. நாம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காசைச் சுண்டுகின்றோம். தலை விழுந்த வரிகளை மட்டும் குறித்துக்கொள்கின்றோம். இரண்டு, ஐந்து, ஒன்பது என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். முதலாங் கணக்கப்பிள்ளையிடம், “இரண்டு, ஐந்து, ஒன்பதாம் வரிகளின் கூட்டுத்தொகை என்ன?” என்று கேட்கின்றோம். அவர் 11 ஏக்கர் என்கின்றார். இரண்டாமவரிடம், “இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வரிகளின் கூட்டுத்தொகை என்ன?” என்கின்றோம். அவர் 14 ஏக்கர் என்கின்றார். கழித்துப் பார்த்தால் ஏழாம் வரி 3 ஏக்கர்! காசு சுண்டியபோது ஏழாம் வரியும் தலையாக விழுந்திருந்தால், இரண்டாமவரிடம் கேட்கையில் அதனை நீக்கிவிட்டுக் கேட்போம். கழித்தலைத் திருப்பிச் செய்வோம். அவ்வளவே.

இருவருள் எவருக்கேனும் நாம் தேடியது ஏழாம் வரி என்பது தெரியுமா? தெரியாது. ஒவ்வொருவரும் கண்டது காசு சுண்டி வந்த எண்களை மட்டுமே. காணியின் பரப்பு மட்டுமன்றிப் பெயரும் எல்லையும் கணினிக்குள் எண்களாகவே இருத்தலின், எவ்வகை ஏட்டுக்கும் இவ்வழி பொருந்தும்.

இதற்கு ஒரு நிபந்தனையுண்டு. இரு கணக்கப்பிள்ளைகளும் தங்கள் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இவ்விடுக்கணையும் 1997 இலே குஷிலேவிட்ஸ், ஒஸ்ட்ரொவ்ஸ்கி என்னும் இருவர் நீக்கினர். ஏடு ஒருவரிடமே இருக்கலாம். கேள்வியை ஒரு பூட்டிய பெட்டியில் அனுப்புகின்றோம். காப்பவர் அதைத் திறவாமலே, தம் ஏட்டின் எல்லா வரிகளையும் அப்பெட்டியோடு சேர்த்துக் கணித்து, விடையையும் பூட்டிய நிலையிலேயே திருப்பி அனுப்புகின்றார். திறவுகோல் கேட்டவனிடம் மட்டுமே உண்டு. இங்கே எவரையும் நம்ப வேண்டியதில்லை. பெரும் எண்களின் கடினத்தை நம்பினாற் போதும்.

“நடைமுறைக்கு ஒவ்வாது” என்ற காலம் போயிற்று

இத்துணை நல்ல வழி இருந்தும் உலகம் ஏன் இதுகாறும் கையாளவில்லை? காரணம் உண்டு. கேள்வியை மறைப்பதாயின், காப்பவர் ஏட்டின் ஒவ்வொரு வரியையும் தொட்டேயாக வேண்டும். ஒரு வரியைத் தொடாது விட்டால், அது நாம் தேடிய வரியன்று என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நெல்மணிக்காகக் களஞ்சியம் முழுவதையும் அளக்கும் வேலை அது. 2007 ஆம் ஆண்டில் இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டு, ஒற்றைக் காப்பாளர் முறையிலே மறைவாகக் கேட்பதைவிட ஏடு முழுவதையும் அனுப்பி வைப்பதே விரைவானது என்று எழுதினர். அன்றிருந்த முறைகளைக் கொண்டு பார்த்தால் அவர்கள் கூற்றில் நியாயம் இருந்தது.

ஆனால் 2007 ஆம் ஆண்டின் தீர்ப்பை இன்றும் ஓதிக்கொண்டிருப்பவர்களை என்னென்பது? 2017 இலே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘ஸ்பிளிண்டர்’ என்னும் அமைப்பை ஆக்கினர். ஏடு பல காப்பாளரிடம் இருக்க, அவர்களுள் ஒருவர் நேர்மையாளராய் இருந்தாலே கேள்வி மறைந்திருக்கும். ஒரு வரியைப் பெறுவது மட்டுமன்று. எத்தனை, எவ்வளவு, எது மிகக் குறைவு என்ற கேள்விகளையும் கேட்கலாம். விமானப் பயணச் சீட்டு, வீதிப் படம் போன்றவற்றைத் தேடிய சோதனைகளில் விடை இரண்டு நொடிக்குள் வந்தது. 2023 இலே ‘சிம்பிள் பி.ஐ.ஆர்.’ என்னும் முறை வெளிவந்தது. காப்பாளர் ஒருவரே. கணினியின் ஒரு கூறு மட்டுமே நொடியொன்றுக்கு ஏறத்தாழ 10 ஜிகாபைட்டு அளவான ஏட்டைத் தொட்டுக் கணித்துவிடுகின்றது. ஒரு ஜிகாபைட்டு ஏட்டுக்கு முதன்முறை 121 மெகாபைட்டுத் தரவை இறக்கிக்கொள்ள வேண்டும். பின்னர் கேள்வி ஒன்றுக்கு 242 கிலோபைட்டே போதும். அந்த முன்சுமையையும் அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் நீக்கிக் காட்டினர்.

இதனை எம் மண்ணின் கணக்கிலே பார்ப்போம். வன்னி மூன்று மாவட்டங்களிலும் இரண்டு இலட்சம் காணித் துண்டுகள் உள்ளன என்றும், துண்டொன்றுக்கு 500 எழுத்து வேண்டும் என்றும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். மொத்தம் பத்துக் கோடி எழுத்து. மேற்சொன்ன வேகத்திலே அவ்வளவையும் தொட்டுக் கணிக்க நொடியில் நூற்றிலொரு பங்கு போதும்! கண்ணிமைப்பதற்கு அதனினும் அதிக நேரம் செல்லும். இனி, ஏடு முழுவதையும் இறக்கிக்கொண்டாலும் அதன் பருமன் 100 மெகாபைட்டே. இளைஞர் கைத்தொலைபேசியிற் பார்க்கும் திரைப்படமொன்றினும் அது சிறிது. பழைய வர்த்தமானித் தாள் செய்த நன்மையை அதுவே செய்துவிடும்.

2024 இலே ஆப்பிள் நிறுவனம், அழைப்பது யார் என்று தேடிச் சொல்லும் வசதியை இந்த மறைவினா முறையிலே அமைத்து, அதனைத் தன் கைத்தொலைபேசிகளிற் சேர்த்தது. வணிக நிறுவனம் ஒன்று, இலாபத்தைக் கருதியேனும், அழைப்பவனின் இலக்கத்தைத் தான் அறியாமலே விடை சொல்ல முன்வருகின்றது. எம் வரிப்பணத்தில் இயங்கும் அரசாங்கத்துக்கு மட்டும் இது முடியாத காரியமா?

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

“ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குத் திரை எதற்கு?” என்பது முதலாவது நியாயம். அப்படியாயின் வாக்குச்சாவடியிலே திரை எதற்கு? உம் புள்ளடி எதற்கு என்பதை அறியாமலே உத்தியோகத்தர் வாக்கை எண்ணுகின்றாரே! அதனை எவரும் களவு என்று கூறுவதில்லை. சனநாயகம் என்றே கூறுகின்றோம். இன்னுஞ் சொன்னால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், தகவல் கேட்பவன் காரணங் கூற வேண்டுவதில்லை என்கின்றது. ஏன் கேட்கின்றாய் என வினவக்கூடாதென்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்க, கேள்விகளைச் சேர்த்து வைத்து அந்தக் காரணத்தைக் கணினியால் ஊகித்தறிவது எந்த நியாயம்?

“காணிப் பதிவகத்தில் எந்த ஏடு வேண்டும் என்று எழுதுவினைஞரிடம் சொல்லித்தானே இதுவரை பார்த்தீர்கள்? இப்போது மட்டும் என்ன நாணம்?” என்பது இரண்டாவது. எழுதுவினைஞர் மனிதர், நாளைக்கு மறந்துவிடுவார், இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். கணினி மறப்பதில்லை. ஓராயிரம் பேரின் பத்தாண்டுக் கேள்விகளை ஒரு நொடியில் அடுக்கிக் காட்டும். ஒருவர் கண்டதும், என்றும் அழியாமல் எழுதப்படுவதும் ஒன்றாகா.

“தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலே நிறைவேறியிருக்கின்றதே, அது போதாதா?” என்பது மூன்றாவது. அச்சட்டத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் சட்டங் காப்பது, கைக்குள் வந்துவிட்ட இரகசியத்தை. சட்டத்தைத் திருத்தலாம், விலக்கு அளிக்கலாம், அவசரகாலத்தைக் காட்டி ஒதுக்கியும் வைக்கலாம். இந்நாட்டுத் தமிழனுக்கு இவையெல்லாம் புதிய செய்திகளா? இல்லாத பட்டியலை எந்த அமைச்சரும் கேட்டு வாங்க முடியாது. எழுதப்படாத கேள்வியே பத்திரமான கேள்வி.

நான்காவது நியாயம் எம்மவர் சிலரிடமிருந்தே வருகின்றது. “இரணைமடுத் தண்ணீருக்கும் விதைநெல்லுக்கும் வழி தேடாமல் கணிதம் பேசுகின்றீர்களே!” என்பர். அன்பர்களே, தண்ணீரும் விதைநெல்லும் எந்த நிலத்துக்கு? அந்த நிலம் உம்முடையது என்று சொல்லும் ஏடு யாரிடம் இருக்கின்றது? அந்த ஏட்டை நீர் அச்சமின்றிப் பார்க்க முடியுமா? இவற்றுக்கு விடை தெரியாமல் விதைப்பவன் அறுவடையை எவருக்கு விட்டுச் செல்கின்றான் என்பதை ஒரு கணஞ் சிந்திப்பாராக.

மிகையும் வேண்டாம்

ஒன்றை ஒளியாமற் கூறுகின்றோம். இம்முறை கேள்வியை மறைக்குமேயன்றி, ஏட்டைத் திருத்தமாட்டாது. பொய்யாக எழுதிய ஏட்டை மறைவாகப் பார்த்தாலும் காண்பது பொய்யே. இராணுவம் நிற்கும் நிலத்திலிருந்து அது இராணுவத்தை வெளியேற்றாது. இறுதிப் போரின் முடிவில் இராணுவத்திடம் தங்கள் கைகளாலேயே உறவினரை ஒப்படைத்ததாகக் குடும்பங்கள் சொல்கின்றன; அந்தப் பட்டியலை வெளியிடுங்கள் என்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்கின்றன. மூடிக் கிடக்கும் ஏட்டுக்கு மறைவினா எதற்கு? ஆகவே முதற் கோரிக்கை, ஏட்டைத் திறத்தல். இரண்டாவது கோரிக்கையே, திறந்த ஏட்டைப் பார்ப்பவனை உளவு பாராதிருத்தல். இரண்டும் ஒன்றையொன்று விட்டு நில்லா. திறந்து வைத்துவிட்டு வாசலிலே ஒற்றனை நிறுத்தினால், அஞ்சியவன் உள்ளே போகான். பின்னர், “திறந்து வைத்தோம், எவரும் வரவில்லை” என்று அறிக்கை விடுவார்கள்!

நாம் வேண்டுவன

காணிகள் பற்றிய அறிவித்தல்கள் அனைத்தும், கணினியில் ஏறிய பின்னரும், முழு ஏடாக எவரும் இறக்கிக்கொள்ளத்தக்க வகையில் வெளியிடப்படுதல் வேண்டும்; கணினி இல்லாதவனுக்காகப் பிரதேச செயலகப் பலகையிலே தாளிலும் ஒட்டப்படுதல் வேண்டும். முழுதாய் இறக்க முடியாத பெரிய ஏடுகளிலும், நாள்தோறும் மாறும் ஏடுகளிலும், தேடுவோன் கேள்வி காப்பவருக்குத் தெரியாத மறைவினா முறை அமைக்கப்படுதல் வேண்டும். அம்முறையை இயக்கும் நிரல் எவரும் ஆராயத்தக்கதாய்த் திறந்திருத்தல் வேண்டும். இல்லையேல் பூட்டே திருடனுக்குத் துணைபோகும். டிஜிட்டல் அடையாளத்தைக் காட்டினாலன்றிப் பொது ஏட்டைப் பார்க்க முடியாது என்ற விதி ஒருபோதும் வருதல் கூடாது.

செய்வதற்கு ஆளில்லை என்று எவருஞ் சொல்ல இடமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. 2021 இலிருந்து வவுனியாவிலே தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. மாணவர் சிலர், ஆசிரியர் சிலர், சாதாரணக் கணினி ஒன்று: பழைய வர்த்தமானிகளை வைத்து முதற் சோதனையை எம் மண்ணிலேயே செய்து காட்டலாம். சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் பொறியியலாளரும் ஒன்றுகூடி இக்கோரிக்கையை எழுத்திலே வரைந்து கொடுக்கலாம். எம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் அதனை எடுத்துச் சென்று, டிஜிட்டல் அடையாளம் பற்றிப் பெருமை பேசும் அமைச்சரிடம் நேருக்கு நேர் கேட்கலாம்: “எம் மக்கள் எதைத் தேடினார்கள் என்பதை நீங்கள் எழுதி வைப்பீர்களா, மாட்டீர்களா?” ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றே அதற்கு விடை. மழுப்பினால் அது ஆம் என்றே கொள்ளப்படும்.

வன்னி மக்கள் ஏடுகளைக் கண்டு அஞ்சும் மக்களல்லர். காடு வெட்டிக் குளங்கட்டிக் கழனி கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பே அந்த ஏட்டின் ஒவ்வொரு வரியும். தம் வியர்வையால் எழுதிய வரியைத் தாம் பார்ப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டாம். எவர் கண்காணிப்பும் வேண்டாம். அதற்கான வழியைக் கணிதம் காட்டிவிட்டது, செலவும் கைக்கெட்டிவிட்டது. இனி ‘முடியாது’ என்று அரசாங்கம் சொல்லுமாயின், அதன் பொருள் ‘மனமில்லை’ என்பதே!